மூக்குப்பேணியும் ரவைக்கோதும்

யாழ்ப்பாணத்தில் கன்னாதிட்டிப் பக்கம் பித்தளைச் சாமான் வாங்கப் போனால் அம்மா முதலில் விலை கேட்கமாட்டார். பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பாரம் பார்ப்பார். விளிம்பைப் பெருவிரல் நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றி வருவார், எங்காவது தடிப்பு மாறுகிறதா என்று. பிறகு நடுவிரல் மொழியால் ஒரு தட்டு. சத்தம் நீண்டு ஒலித்து மெல்ல அடங்கினால்தான் விலைப்பேச்சு. "அடைச்ச சத்தம் கேட்டா எங்கேயோ வெடிப்பு இருக்குது தம்பி. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்" என்பார். எங்கள் வீட்டு மூக்குப்பேணி அப்படித் தட்டிக் கேட்டு வாங்கியதுதான்.

இப்போது நான் நோர்வேயில், எல்வெரும் என்ற காட்டு நகரத்துக்கு அருகே இருக்கிறேன். ஒவ்வொரு செப்டெம்பரிலும் வீட்டின் நிலவறையில் மேசைவிளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு வெற்று ரவைக்கோதுகள் 100ஐப் பரப்பி உட்காருகிறேன். ஐந்தாறு கோதுகளை உள்ளங்கையில் அள்ளிக் குலுக்குவேன். எல்லாம் கலகலவென்று மணிபோல் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் அடைத்த குரலில் தட்டுப்பட்டால், அதன் கழுத்தில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு இருக்கும். அம்மா சொன்னது சரி. காதுக்குத் தெரியும்.

கோதைப் பற்றி அம்மா இன்னொன்றும் சொன்னார். அது 1987. எங்கள் ஒழுங்கையில் இரவு முழுக்கச் சூடு நடந்து ஓய்ந்த காலையில், நாங்கள் மூன்று பெடியன்கள் வேலியோரம் வெற்றுக்கோது பொறுக்கினோம். எனக்குப் பதினொன்று கிடைத்தது. மஞ்சளாக, கருகிய மணத்தோடு, இன்னும் புதிதாக. விரல்களுக்கிடையில் வைத்து ஊதினால் நல்ல விசில் வரும். அம்மா என் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு அத்தனையையும் எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார். எனக்கு அழுகை வந்தது. அம்மா கோபப்படவில்லை. "இதின்ர மற்றப் பாதி எங்க போய் இறங்கினதெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கோதுகளின் அடியில் எழுத்துகளும் இரண்டு இலக்க எண்ணும் பொறித்திருந்தது நினைவிருக்கிறது. நீளம் என் சின்னவிரல் அளவு. அது 7.62க்கு 51 மில்லிமீற்றர் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு இங்கேதான் விளங்கியது. 1952இல் அமெரிக்காவில் வேட்டைக்காரருக்காக .308 வின்செஸ்டர் என்ற பெயரில் வெளிவந்த ரவையும், 1954இல் நேட்டோ படைகள் ஏற்றுக்கொண்ட அந்த ரவையும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்று. 2009இல் வேட்டைக்காரர் தேர்வில் தேறி, பொலிஸ் அனுமதி எடுத்து முதல் துவக்கு வாங்கியபோது கடைக்காரர் நீட்டியதும் .308தான். பெட்டியைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்த கணத்தில் கிணற்றுத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஏன் வேட்டைக்குப் போனேன் என்று ஊரிலிருந்து கேட்பவர்கள் உண்டு. 1990இல் வந்து வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலையில் ஆண்டுகள் கழித்தவனுக்குத் தெற்கே காட்டுக்கு இறங்கியபோது கிடைத்த முதல் நட்பு, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற மரம்வெட்டும் தொழிலாளி. அவர் வீட்டு மேசையில் இலையுதிர்காலத்தில் எப்போதும் எல்க் இறைச்சி இருந்தது. நோர்வேயில் ஆண்டுதோறும் பல்லாயிரம் எல்க்குகள் வேட்டையாடப்படுகின்றன. கிராமத்துக் குழு ஒன்றாகப் போய், ஒன்றாக உரித்து, பங்கு பிரிக்கும். வன்னியில் மாமா வீட்டில் மரை வற்றல் தின்று வளர்ந்தவனுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. இலங்கையில் இருந்த ஆங்கிலேயர்கள் எங்கள் மரையையும் எல்க் என்றே எழுதி வைத்தார்கள் என்பது பிறகு படித்தறிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் 1960களிலிருந்து தன் ரவைகளைத் தானே நிரப்புகிறவர். அவருடைய இளமைக்காலத்தில் நல்ல கோது என்று தேர்ந்தெடுக்க எதுவும் இருக்கவில்லை. கிடைத்ததுதான் கோது. 1894இல் நோர்வேயும் சுவீடனும் சேர்ந்து தீர்மானித்த 6.5க்கு 55 என்ற அளவுதான் அப்போது காடெங்கும். படையிலிருந்து வந்த பழைய கோதுகளின் அடியில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பேர்டன் வகை. பொக்சர் வகை என்றால் நடுவே ஒரே துளை, ஊசி விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பேர்டனில் இரண்டு சிறு துளைகள், நடுவில் மேடு, ஊசி போகாது. பேர்டன் அமெரிக்கர், பொக்சர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா முழுக்கப் பொக்சரைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பியப் படைகள் பேர்டனைப் பிடித்துக்கொண்டன. பெரியவர் கோதுக்குள் தண்ணீரை நிறைத்து, கழுத்துக்குச் சரியாக இறுகும் கம்பியைச் செருகி, மரச்சுத்தியலால் ஓர் அடி அடிப்பார். தண்ணீரின் அமுக்கத்தில் பிரைமர் கழன்று விழும். சமையலறை நனையும். ஒரு மாலைக்கு 20 கோது என்று கணக்கு. அந்த 20ஐயும் ஒவ்வொன்றாக விளக்கருகே பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

எனக்குக் காலம் வேறாக வாய்த்தது. 2011இல் நான் ரவை நிரப்பத் தொடங்கியபோது எல்லாம் பொக்சர், எல்லாம் கடையில். அதனால்தான் நான் பார்க்காமல் வாங்கினேன். சூட்டுப் பயிற்சித் திடலில் பொறுக்கிய கலப்புக் கோதுகள் ஒரு பை, மலிவு விலை. அடிப்பொறிப்புகள் நான்கு வகை. அவற்றில் ஒருவகை படைக்கோது. மேலாகப் பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள்.

ரவைக்கோதுப் பித்தளை என்பது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும். .308இன் உள்ளே எழக்கூடிய உச்ச அழுத்தம் 4150 பார் என்று ஐரோப்பிய விதி வரையறுக்கிறது. கார்ச் சக்கரத்தில் இருப்பது இரண்டு அல்லது மூன்று பார். அந்தக் கணத்தில் கோது விரிந்து துவக்கின் அறைச்சுவரோடு ஒட்டி வாயுவைப் பின்னால் வரவிடாமல் அடைக்கிறது. அடுத்த கணம் மெல்லச் சுருங்கி, இழுத்தால் வெளியே வருகிறது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும். சுடுகிறவனின் முகத்துக்கும் அந்த அழுத்தத்துக்கும் நடுவில் இருப்பதில் கோதும் ஒன்று.

வெறும் .308 கோதின் பாரம் தயாரிப்பாளரைப் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 12 கிராம் வரை மாறும். வெளியளவு ஒன்றே என்பதால், பாரம் கூடியதில் சுவர் தடிப்பு, உள்ளே இடம் குறைவு. படைக்கோது பெரும்பாலும் அந்த வகை. மெல்லிய கோதில் அமைதியாக இருக்கும் மருந்தளவு தடித்த கோதில் அழுத்தத்தை ஏற்றிவிடும். அம்மாவின் முதல் வேலை கையில் பாரம் பார்ப்பது. நான் அதைக்கூடச் செய்யவில்லை.

2014ஆம் ஆண்டின் அந்தக் காலையை எழுத இன்றும் கை கூசுகிறது. ஒன்றரை வயது எல்க் காளை, 80 மீற்றரில், பக்கம் காட்டி நின்றது. முதல் ரவை பட்டது. சற்றுப் பின்னால் பட்டது என்பது அது முதுகை வளைத்த விதத்திலேயே தெரிந்தது. விழவில்லை, நடந்தது. இரண்டாவது ரவைக்காகப் பூட்டை இழுத்தேன். கோதின் அடிப்பாகம் மட்டும் வெளியே வந்தது, உடல் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த ரவை பாதியில் இறுகியது. துவக்கு என் கையில் வெறும் தடி. காளை பைன் மரங்களுக்குள் போய்விட்டது.

இங்கே எல்க் வேட்டைக்குப் போகும் குழு, காயப்பட்ட விலங்கைத் தேடப் பயிற்சி பெற்ற நாயொன்றைக் கைக்கெட்டத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நாய் வந்து, மோப்பம் எடுத்து, 700 மீற்றர் தள்ளிச் சதுப்பு ஓரத்தில் அதைக் கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. உயிரோடு கிடந்தது. குழுத் தலைவர் முடித்துவைத்தார். மற்றப் பாதி எங்கே போய் இறங்கியது என்பதை அன்றைக்கு நான் அருகில் நின்று பார்த்தேன்.

பெரியவர் அன்றிரவு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு காகிதக்கவ்வியை நிமிர்த்தி, நுனியைக் கூராக வளைத்து எடுத்துக்கொண்டு வந்தார். "உள்ளே விட்டு அடியிலிருந்து சுவரோடு மேலே இழு" என்றார். நல்ல கோதில் வழுக்கிக்கொண்டு வரும். நோய் பிடித்த கோதில், அடியிலிருந்து சற்று மேலே, நுனி ஒரு பள்ளத்தில் தட்டுப்படும். வெளியே அதே இடத்தில் மெல்லிய வெளிர்வளையம் ஒன்று மின்னும். மிச்சமிருந்த 60இல் 14இல் பள்ளம் இருந்தது.

குற்றம் கோதினுடையது மட்டுமல்ல என்பதையும் அவர்தான் காட்டினார். சுட்ட கோதை மீண்டும் அளவுக்கு அமுக்கும் அச்சை நான் தேவைக்கு மேல் இறக்கி முறுக்கியிருந்தேன். கோதின் தோள் ஒவ்வொரு முறையும் அதிகமாகப் பின்னுக்குப் போயிற்று. சுடும்போதெல்லாம் கோது அந்த இடைவெளியை நிரப்ப நீண்டு, அடியருகே மெலிந்தது. தோளை 0.05 மில்லிமீற்றர் அளவுக்குப் பின்தள்ளினால் போதும். நான்கு வகைக் கோதுக்கு நான்கு விதமாக வளைந்துகொடுக்கும் குணம் இருக்கும்போது அச்சை எதற்கென்று சரிசெய்வது? ஒரே வகை, ஒரே தொகுதி என்று வேட்டைக்காரர் பிடிவாதம் பிடிப்பதன் காரணம் எனக்கு அப்படித்தான் விளங்கியது.

அந்தக் குளிர்காலம் புதுக்கோது 100 வாங்கினேன். இந்தப் பக்கத்தில் இரண்டு பெயர்கள்தான் முதலில் வாயில் வரும். 1902இல் தொடங்கிய, எல்லைக்கு அப்பால் சுவீடனின் ஒமொட்ஃபோஸில் இருக்கும் நோர்மா; பின்லாந்தின் லாப்புவா. நான் லாப்புவாவை எடுத்தேன். கழுத்தெல்லாம் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. யாரோ சுட்டுப் பழசாக்கிய கோது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெரியவர் தடுத்தார். அடித்து இழுத்து உருவாக்கிய பித்தளை இறுகிப்போகும். கழுத்தை மட்டும் சூடாக்கி இளக வைத்தால்தான் வெடிக்காது. அந்தச் சூட்டின் தடம்தான் நிறம். வேறு பலர் அதை மினுக்கி அழித்துவிடுகிறார்கள், இவர்கள் விட்டுவைக்கிறார்கள். ஊரில் கன்னார் காய்ச்சுவதும் அடிப்பதும் மறுபடி காய்ச்சுவதுமாக இருந்தது எனக்கு அப்போது நினைவில் வந்தது. பெரியவர் ஒரு தட்டில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, கோதுகளை நிறுத்தி, கழுத்தில் தீ காட்டித் தட்டிச் சாய்ப்பார். அடிப்பாகம் தண்ணீருக்குள் குளிர்ந்தே இருக்கவேண்டும். அடி இளகினால் அது கோதில்லை, ஆபத்து. இப்போது அதற்கு மின்தூண்டல் இயந்திரம் இருக்கிறது, சில வினாடி வேலை. இரண்டையும் செய்திருக்கிறேன். தட்டில் செய்யும்போது ஒவ்வொரு கோதையும் பார்க்க நேர்கிறது.

100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து ரவைகளையும் இறக்கவேண்டும் என்பதுதான் இங்கே பெருவிலங்கு வேட்டைக்கான ஆண்டுத் தேர்வு. அதற்கு விலை கூடிய கோது தேவையில்லை. யாராவது துல்லியத்துக்காக என்று சொல்லி விலை கூடியதை வாங்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் காசு கொடுப்பது ஒரே சீரான சுவருக்கு, பலமுறை சுட்டாலும் தளராத பிரைமர்க் குழிக்கு, இரண்டாவது ரவை தேவைப்படும்போது முதல் கோது முழுசாக வெளியே வருவதற்கு.

கழுவும் முறையில் அம்மாவிடமே திரும்பி வந்தேன். இங்கே எலுமிச்சை அமிலத் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து, சவர்க்காரம் கொஞ்சம் விட்டு அலசுகிறார்கள். ஒருநாள் மறந்து அதிக நேரம் ஊறவிட்டேன். கோதுகள் இளஞ்சிவப்பாகிவிட்டன. அமிலம் துத்தநாகத்தைக் கரைத்தெடுத்தால் மேலே செம்பு தெரியும். தொலைபேசியில் சொன்னபோது அம்மாவுக்குப் பெயர்கள் தேவைப்படவில்லை. "புளியில கனநேரம் போட்டா விளக்குச் சிவக்கும். தேய்ச்சவுடன கழுவ வேணும் எண்டு எத்தனை தரம் சொன்னனான்." பிறகு, "என்னடா, இன்னும் கோதே பொறுக்கிறாய்?" என்றார். பதில் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. மற்றப் பாதி எங்கே போகிறதென்று இப்போது பார்த்துத்தான் சுடுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை.

மாட்டுக்கொட்டில் பக்கம் பித்தளை வைக்க அம்மா விடமாட்டார். மூத்திரக்காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் என்பார். நான் அதை ஆசாரமென்று நினைத்திருந்தேன். காரணம் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. பிரித்தானிய இந்தியாவில் குதிரைலாயங்களில் அடுக்கியிருந்த படைக்கோதுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. விலங்கு மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்த விளைவு அது என்று 1921இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அமோனியா கலந்த மினுக்குமருந்து கோதுக்கு ஆகாது என்பது அதனால்தான். 1995இல் ஊரே இடம்பெயர்ந்தபோது அம்மா மூக்குப்பேணியையும் விளக்கையும் கொட்டிலுக்கு எதிர்ப்புறமாகப் பார்த்துத்தான் புதைத்தார். திரும்பி வந்து தோண்டியபோது பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, வெடிக்கவில்லை. அந்த மூக்குப்பேணி இப்போது என் சமையலறையில் இருக்கிறது.

2022க்குப் பிறகு பிரைமரும் மருந்தும் கோதும் விலையேறி, சில மாதங்கள் கடையில் தட்டு வெறுமையாகக் கிடந்தது. ஐரோப்பாவில் போர். தொழிற்சாலைகளுக்கு முதல் வேலை அங்கே. ஊரில் நாங்கள் பொறுக்கியதுபோல அங்கும் யாரோ ஒரு பெடியன் கோது பொறுக்கிக்கொண்டிருப்பான். கோது தட்டுப்பாடென்று குழுவில் சிலர் கலப்புப் பைகளைத் தேடத் தொடங்கியபோது, நான் 2014இல் அறைக்குள் நின்றுவிட்ட கோதின் இரண்டு துண்டுகளையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கதையையும் முழுதாகச் சொன்னேன்.

பெரியவரின் கண் இப்போது மங்கிவிட்டது. அவருடைய கோதுகளையும் நான்தான் பார்க்கிறேன். இந்த ஆண்டு என் 100இல் 97 தேறின. ஒன்றில் கழுத்து வெடிப்பு, ஒன்றில் கம்பிநுனி தட்டியது, இன்னொன்றில் பிரைமர் பெருவிரல் அழுத்தத்துக்கே உள்ளே போயிற்று. மூன்றையும் குறட்டால் வாய் நசுக்கினேன், தெரியாமல்கூட யார் கையிலும் மறுபடி ஏறக்கூடாது. மூன்றாவதை நசுக்குமுன் ஒருதரம் தட்டிக் கேட்டேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. நசுக்கிவிட்டேன்.