எழுவாய் இல்லாத ஊர்

ஹிரோஷிமாவை ஆங்கிலத்தில் எப்படி உச்சரிப்பது என்று அந்த மொழிக்காரர்களுக்குள் ஓயாத வழக்கு. 'ரோ'வை அழுத்துவதா, 'ஷி'யை நீட்டுவதா? அகராதிகள் இரண்டையும் அனுமதித்துவிட்டன. உச்சரிப்பு பிசகினால் ஊருக்கு மரியாதைக் குறைவாம்! அந்த ஊரையே சாம்பலாக்கியவர்களின் மொழிக்கு என்ன நாகரிகம் பாருங்கள்.

இலக்கணத்தில் இன்னும் சுத்தபத்தம். முதல் பாடம் நடத்தியவர் அதிபர் ட்ரூமன். குண்டு போட்டு 16 மணி நேரம் கழித்து வந்த அவரது அறிக்கை, ஹிரோஷிமாவை முக்கியமான ஜப்பானிய ராணுவத் தளம் என்றது. அங்கே ராணுவத் தலைமையகம் இருந்தது உண்மைதான். கூடவே சுமார் மூன்றரை லட்சம் பேரும் இருந்தார்கள். விமானிக்குக் குறியாகக் கொடுத்ததோ படை முகாமை அல்ல, ஊர் நடுவே இருந்த அயோய் பாலத்தை. குண்டுவீச்சில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பள்ளிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் அன்று காலை தெருவில் இறக்கியிருந்தார்கள். அத்தனை பிள்ளைகளும் 'தளம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். என்ன சிக்கனம்!

2016 மே மாதம் ஒபாமா அங்கே போனார். பதவியில் இருக்கும்போதே ஹிரோஷிமாவுக்கு வந்த முதல் அமெரிக்க அதிபர். உருக்கமாகப் பேசினார். 71 ஆண்டுகளுக்கு முன் வானிலிருந்து சாவு விழுந்தது என்றார். யார் போட்டது என்று கேட்கக் கூடாது, விழுந்தது, அவ்வளவுதான். குண்டு போட்ட விமானத்துக்கு அதன் விமானி தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தார். தாயின் பெயருக்கு இடமிருந்த கதையில் கொன்றவன் பெயருக்கு இடமில்லை. பேச்சு நடந்தபோது, அணு ஆயுதத் தாக்குதலுக்கு உத்தரவிட உதவும் பெட்டியும் அதிபரோடு வந்திருந்தது.

செய்தியாளர்களுக்கு இந்த ஊர் படி, மரக்கால் மாதிரி ஓர் அளவை. விண்கல் வெடித்தால் இத்தனை ஹிரோஷிமா, கடல் சூடேறினால் நொடிக்கு இத்தனை ஹிரோஷிமா. 15 கிலோடன் ஒரு ஹிரோஷிமா என்பது கணக்கு. தோல் உரிந்து தொங்கியபடி ஆற்றில் இறங்கியவர்கள் எத்தனை கிலோடன் என்று எந்த நிருபரும் எழுதவில்லை.

2023இல் ஜி7 தலைவர்கள் அங்கேயே கூடி, அணு ஆயுதக் குறைப்பு பற்றிய அறிக்கைக்கு அந்த ஊரின் பெயரையே சூட்டினார்கள். உள்ளே புரட்டினால், அணு ஆயுதம் இருக்கும்வரை அது தற்காப்புக்கும் எதிரியைத் தடுக்கவும் பயன்பட வேண்டும் என்றிருக்கிறது. எரித்த இடத்திலேயே நின்று தீப்பெட்டியின் நன்மைகளைப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 2025 ஜூனில் ட்ரம்ப் இன்னும் வெளிப்படை. ஹிரோஷிமாவை உதாரணமாகச் சொல்ல விரும்பவில்லை என்று சொல்லிக்கொண்டே, ஈரான்மீது குண்டு போட்டதை அதனோடு ஒப்பிட்டார். ஹிரோஷிமா அந்தப் போரை முடித்ததுபோல இதுவும் இந்தப் போரை முடித்ததாம்.

ஜப்பான் மட்டும் என்ன வாழ்ந்தது? நினைவுச் சின்னத்தில், நிம்மதியாக உறங்குங்கள், தவறு மீண்டும் நடக்காது என்ற பொருளில் பொறித்திருக்கிறார்கள். யார் செய்த தவறு? மூலத்தில் எழுவாய் கிடையாது. 1952இல் அங்கே வந்த வங்காள நீதிபதி ராதாபினோத் பால், குண்டு போட்டவர்கள் ஜப்பானியர் இல்லையே என்று கொதித்தார். வாசகத்தை எழுதிய சைக்கா ததயோஷி ஆங்கிலப் பேராசிரியர். அவரும் அந்தக் குண்டுக்குத் தப்பியவர். ஆங்கிலத்தில் அவர் வைத்த எழுவாய் 'நாம்'. மனிதகுலம் முழுவதையும் சொன்னேன் என்று விளக்கினார். பெரிய மனசுதான். ஆனால் அந்த 'நாம்' குற்றவாளிக்கு எவ்வளவு வசதி!

அந்த ஊரின் பெயரை ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுத நேர்ந்தால் தயவுசெய்து இப்படி எழுதுங்கள்: 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு அமெரிக்கா ஹிரோஷிமாமீது அணுகுண்டு போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேரைக் கொன்றது.