பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் மூலபாடம்: ஓர் ஆய்வுரை

பாயிரம் சொல்லாமல் நூலுக்குள் நுழைவது இலக்கண மரபில் வழக்கமில்லை. எனவே அதை முதலில் முடித்துவிடலாம். இந்நூலின் எல்லை வடக்கே பெரம்பூர், தெற்கே பரங்கிமலை. இடைப்பட்ட நிலத்தில் கைமாறும் செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிட்டார்களே ஆய்வுப்பொருள். கேட்போர் யாரெனில், “ஏற்கெனவே ஒண்ணு பீரோ மேல கிடக்கே, அதுக்கு என்ன?” என்ற கேள்விக்கு வீட்டில் இன்னும் பதில் சொல்லாதவர்கள். பயன் இருவகை: ஏமாறாதிருத்தல், அது கைகூடாதபோது எவ்வளவு ஏமாந்தோம் என்பதைத் துல்லியமாக அறிதல். இரண்டாவதே பெருவழக்கு.

இவ்வாய்வு என் நுதலிற்றோ எனின், “ஒரிஜினல் அமெரிக்கன்” என்று விற்கப்படும் ஒரு கிட்டார் மெய்யாகவே எந்த ஊரில், எந்த ஆண்டில் பிறந்தது என நிறுவுதல் நுதலிற்று. இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்பாரும் உளர். அவர்கள் இன்னும் வாங்கவில்லை.

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூலார் பிரித்தது கிட்டாருக்கும் அப்படியே பொருந்துகிறது. 1954-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில், லியோ ஃபெண்டரின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் முதல்நூல். அந்தக் கம்பெனியே அனுமதி தந்து வேற்றூரில் செய்வித்தவை வழிநூல்கள்: 1982 முதல் ஜப்பானின் மட்சுமோட்டோவில் ஃபுஜிஜென் செய்தவை, 1987-இல் தொடங்கிய மெக்சிகோவின் என்செனாடா தொழிற்சாலையில் செய்தவை, ஸ்குவையர் என்ற பெயரில் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்தவை. 1980களின் கடைசியில் ஸ்குவையர் II என்ற வரிசையில் சில கிட்டார்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. முதல்நூலின் சாயலில் வேறு பெயரோடு வருவன சார்புநூல்கள். கிப்ஸனோடு ஓரெழுத்தில் மட்டும் வேறுபடும் கல்கத்தா ‘கிவ்ஸன்’ இவ்வகை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் முதல் ‘ஜி’ கார்டைப் பிடித்து விரல் காய்த்தது அதில்தான்.

வழிநூல் என்றால் மட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. 1982 முதல் 1984 வரை வந்த, ‘ஜேவி’ என்று எண் தொடங்கும் ஜப்பானியக் கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். சிக்கல் நான்காவது வகையில்தான்: வழிநூலோ சார்புநூலோ தன்னை முதல்நூல் என்று சொல்லிக்கொள்வது. நன்னூலார் காலத்தில் ஸ்டிக்கர் இல்லாததால் இதற்கு அவர் இலக்கணம் வகுக்காமல் விட்டார்.

இனி அளவைகள். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். பழைய கிட்டார் வாங்க அவற்றில் நான்கு போதும்: ஐதிகம், காண்டல், கருதல், அபாவம்.

ஐதிகத்தை முன்வைத்ததற்குக் காரணம், விற்பவர் அதிலிருந்துதான் தொடங்குவார். வழிவழியாகச் சொல்லப்படுவதை அப்படியே நம்புவது ஐதிகம். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதை ஏற்பதை அந்தக் காப்பியம் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. கிட்டாரில் பேயின் இடத்தில் இருப்பவர் மாமா. மாமா அமெரிக்காவில் இருப்பார். அல்லது கப்பலில் இருந்திருப்பார். ஆசையாகக் கிட்டார் வாங்கி, ஒருநாளும் வாசிக்காமல், லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போயிருப்பார். ஃப்ரெட்டுகளில் கம்பி பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறதே, வாசிக்காத மாமா இதை எப்படிச் செய்தார் என்று கேட்டால் கதைக்குள் மாமாவின் மகன் வருவான். பில் எங்கே என்றால் வீடு மாறும்போது தொலைந்திருக்கும். சென்னையில் வீடு மாறுபவர்கள் தொலைக்கும் பொருள்களில் கிட்டார் பில்லுக்கே முதலிடம். ட்ரெமலோ கம்பிக்கு இரண்டாமிடம்.

மாமா உண்மையாகவே இருக்கலாம். அவரை மறுக்க நம்மிடம் ஆதாரமில்லை. ஆனால் ஐதிகத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பது இவ்வாய்வின் முதல் துணிபு.

அடுத்தது காண்டல். கண்ணில் முதலில் படுவது ஹெட்ஸ்டாக்கில் உள்ள பெயர். கிட்டாரின் தலையெழுத்து அதுதான் என்று நினைக்கிறோம். உண்மையில் கிட்டாரிலேயே மலிவாகக் கிடைப்பது அந்த ஸ்டிக்கர். பெயரை விட்டு எண்ணுக்கு வருவோம். 1976-க்கு முன் ஃபெண்டரின் எண் நெக்கையும் பாடியையும் இணைக்கும் உலோகத் தகட்டில் இருந்தது. எண் அடித்த தகடுகளை வரிசை பார்க்காமல், கைக்கு வந்ததை எடுத்து முடுக்கினார்கள். விளைவு, சின்ன எண் கொண்டது தம்பியாகவும் பெரிய எண் கொண்டது அண்ணனாகவும் இருக்கக்கூடும். டேவிட் கில்மோரிடம் இருந்த 0001 என்ற எண்ணுள்ள 1954 ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019 ஏலத்தில் 18,15,000 டாலருக்குப் போனது. அது முதலில் செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் அல்ல.

1976-க்குப் பிறகு எண் ஹெட்ஸ்டாக்குக்கு ஏறியது. முன்னால் ஓர் எழுத்தும் சேர்ந்தது. ‘எஸ்’ என்றால் 70கள், ‘ஈ’ 80கள், ‘என்’ 90கள், ‘இஸட்’ 2000கள். இதற்கும் முன்னால் ஓர் ‘எம்’ நின்றால் மெக்சிகோ. ஆகவே ‘எம்இஸட்’ என்பதில் ஓரெழுத்தைச் சுரண்டினால் கிட்டார் விசா இல்லாமலே எல்லை தாண்டிவிடும். சுரண்டிய இடத்தில் பாலிஷ் மங்கியிருக்கும். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

காலப் பகுப்பையும் இங்கேயே சொல்லிவிடுவது முறை. வரலாற்றாசிரியர்களுக்குக் கி.மு., கி.பி. இருப்பதுபோல ஃபெண்டர் அன்பர்களுக்கு சி.மு., சி.பி. உண்டு. 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தையது பொற்காலம், பிந்தையது வீழ்ச்சி என்பது இத்துறையில் கேள்வி கேட்கப்படாத சமயக் கோட்பாடு. 1965-இலேயே ஹெட்ஸ்டாக் பெருத்தது. 1971 வாக்கில் ஸ்ட்ராட்டின் நெக்கைப் பிடிக்கும் ஸ்க்ரூ நான்கிலிருந்து மூன்றானது. 1985-இல் கம்பெனியின் ஆட்களே அதைத் திரும்ப வாங்கினார்கள். ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலை அந்தப் பேரத்தில் சேரவில்லை. அமெரிக்கத் தயாரிப்பு கரோனாவுக்குப் போனது. எனவே 1962 ஸ்ட்ராட் என்று காட்டப்படுவதில் மூன்று ஸ்க்ரூ இருந்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பலாம்.

கருதல் அளவைதான் இந்நூலின் உயிர். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதுபோல, மறைந்திருப்பதைக் கொண்டு மெய்யை உணர்வது. நெக்கைக் கழற்றினால், பாடிக்குள் செருகியிருந்த அடிப்பாகத்தில் பழைய ஃபெண்டர்களில் மாதமும் ஆண்டும் பென்சிலால் எழுதியிருக்கும். பிற்காலத்தவற்றில் ரப்பர் ஸ்டாம்ப். சிலவற்றில் ‘டிஜி’ என்ற இரண்டெழுத்தும் உண்டு. அது தாடேயோ கோமஸ் என்ற தொழிலாளியின் கையெழுத்து. 50களின் கிட்டார்களில் பிக்கப் குழிக்குள் ஒட்டிய டேப்பில் மேரி, குளோரியா என்று பெண்களின் பெயர்கள் கிடைக்கின்றன. நம் ஏடுகளின் கடைசியில் எழுதியவன் பெயரும் ஊரும் இருக்குமே, அந்த மரபு. விற்பனைக்காக எழுதப்படாததால் இந்த எழுத்துகளுக்கே சாட்சிமதிப்பு அதிகம்.

வால்யூம், டோன் பாட்களின் முதுகிலும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1376632 என்று பொறித்திருந்தால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 66 என்பது ஆண்டு, 32 என்பது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் கம்பெனி. இதற்குமுன் அந்தக் கிட்டார் பிறந்திருக்க முடியாது என்பதை மட்டுமே இது சொல்லும். எப்போது பிறந்தது என்று சொல்லாது. ஃபெண்டர் 1966-இல் பாட்களை வாங்கிக் குவித்துவிட்டதால் 1969 வரை வந்த கிட்டார்களிலும் 66 காணப்படுகிறது.

இங்கே பெரம்பூரில் ஒரு மாடி வீட்டில் நடந்த கள ஆய்வைப் பதிவு செய்ய வேண்டும். சன்பர்ஸ்ட் நிறத்தில் ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஹெட்ஸ்டாக்கில் ஃபெண்டர் என்ற பெயர், ‘ஈ4’ என்று தொடங்கும் எண், அதாவது 1984. “அமெரிக்கன் பீஸ் சார். பெரியப்பா கப்பல்ல இருந்தப்ப வாங்கினது” என்றார் விற்கும் தம்பி. (மாமாவுக்குப் பெரியப்பா என்பதும் பாடம்.) நான் பையிலிருந்து ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

“கழட்டணுமா சார்?”

“பாத்துட்டு அப்படியே மாட்டிடறேன் தம்பி.”

நெக்கின் அடியில் பென்சிலும் இல்லை, ஸ்டாம்பும் இல்லை. ஏதோ ஓர் எழுத்தாவது இருக்க வேண்டிய இடம் துடைத்த பலகையாக இருந்தது. இன்மையே சான்றாகும் அபாவம் இதுதான். குழியின் விளிம்பில் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் மரம் அடுக்கடுக்காகத் தெரிந்தது: பிளைவுட். ஃபுல்லர்ட்டனில் ஸ்ட்ராட்டுக்கு ஆல்டரோ ஆஷோதான் வழக்கம். பாடியின் கனம் ஒன்றே முக்கால் அங்குலம், ஏறக்குறைய 44 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். என் ஸ்கேலில் 40-ஐத் தொடவில்லை. வெள்ளைத் தகட்டைத் தூக்கினால், 24 மில்லிமீட்டர் பாட்கள் இருக்க வேண்டிய இடத்தில் 16 மில்லிமீட்டர் பொடியன்கள். அவற்றிலும் ஒன்று புத்தம் புதிது, சால்டரிங் பளபளத்தது. ரிச்சி தெரு இடைச்செருகல் என்பதில் ஐயமில்லை.

தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “ஆனா ஸ்டிக்கர் ஒரிஜினல் சார்” என்றார். ஆய்வுலகில் இவ்வளவு நேர்மையான வாக்குமூலம் கிடைப்பது அரிது. ஸ்குவையர் விலைக்குக் கேட்டேன். பெரியப்பாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

கிப்ஸனுக்குத் தனி இயல் வேண்டும்; சுருக்கமாகவே சொல்கிறேன். 1977 முதல் 2005 வரை அதன் வழக்கமான எட்டிலக்க எண்ணில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு. இடையில் உள்ள மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 82765501 என்றால் 1985-இன் 276-ஆம் நாள், அக்டோபர் 3. அந்த மூன்று இலக்கம் 366-ஐத் தாண்டினால் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத நாளில் பிறந்த கிட்டார் என்க. லெஸ் பால் மாடலின் ஹெட்ஸ்டாக்கில் உள்ள மணி வடிவ மூடியில் இரண்டு ஸ்க்ரூதான் இருக்க வேண்டும். போலி செய்பவர்கள் தாராள மனத்தோடு மூன்று வைக்கிறார்கள்.

இதைவிடச் சுவையானது பிக்கப்பின் அடியில் இருக்கிறது. 1955-இல் கிப்ஸனின் சேத் லவர் ஹம்பக்கர் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதனால் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்ற சிறு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 1959-இல் உரிமை கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் அதையே ஒட்டினார்கள். அப்புறம் எண் அச்சிட்டார்கள்: 2,737,842. அது பிக்கப்பின் எண்ணே அல்ல. அந்த மாடலுக்குப் பெயர் தந்த கலைஞர் லெஸ் பால் வாங்கியிருந்த டெயில்பீஸ் காப்புரிமையின் எண். காப்பியடிப்பவர்களைத் திசைதிருப்பச் செய்த வேலை என்பது பலர் துணிபு. ஆக, அறுபதுகளின் கிப்ஸன் பிக்கப்பில் தவறான எண் இருப்பதே மெய்ம்மைக்கு அடையாளம்; சரியான எண் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

1977-இல் கிப்ஸனின் தாய்க் கம்பெனியான நார்லின், ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக ஐபனீஸின் அமெரிக்கக் கிளையான எல்ஜர் மீது வழக்குப் போட்டது. அது சமரசத்தில் முடிந்தது. வழக்கு ஒரு கம்பெனி மேல்தான். ஆனால் இன்று 70களின் எந்த ஜப்பானியக் காப்பியை எடுத்தாலும் ‘லாசூட் கிட்டார்’ என்று விலை ஏறிவிடுகிறது. வழக்கில் சிக்கியதால் மதிப்பு உயர்வது அரசியலுக்கு வெளியே இங்கேதான்.

தேய்மானத்தைப் பார்த்து வயதைச் சொல்லலாமே என்று கேட்பார்க்கு: 1995 முதல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப்பே புதுக் கிட்டாரில் கீறல், துரு, பெயின்ட் உதிர்வு எல்லாம் செய்து, ‘ரெலிக்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறது. காண்டல் அளவை அன்றோடு கவிழ்ந்தது.

பல கிட்டார்களின் உறுப்புகளைச் சேர்த்தது எல்லாம் போலி என்றும் சொல்ல முடியாது. எரிக் கிளாப்டன் 1970-இல் நாஷ்வில் கடையொன்றில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டுகளில் மூன்றின் நல்ல பாகங்களை எடுத்துக் கோத்ததுதான் ‘பிளாக்கி’. 2004-இல் அது 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த முறை இது. இதைச் செம்பதிப்பு என்க. அதே வேலையைப் பெரம்பூர்த் தம்பி செய்தால் இடைச்செருகல். வேறுபாடு, எந்த ஏட்டிலிருந்து எதை எடுத்தோம் என்று பதிப்பாசிரியர் சொல்லிவிடுவதில் இருக்கிறது.

‘ஒரிஜினல் அமெரிக்கன்’ என்பதிலேயே ஒரு முரண் உண்டு. அறுபதுகளின் பிற்பகுதி தொட்டுப் பல அமெரிக்க ஃபெண்டர்களின் ஃப்ரெட்போர்டு இந்திய ரோஸ்வுட், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம். 2017 ஜனவரி 2 முதல் அந்த மரவினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார்களுக்கு பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆக, பெரியப்பா கடல் கடந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கிட்டாரில், விரல் படும் பலகை மட்டும் ஊருக்குத் திரும்பி வந்ததாக இருக்கலாம்.

இனித் துணிபு. நெக்கின் தேதி நெக்குக்கு, பாட்டின் தேதி பாட்டுக்கு. முழுக் கிட்டாருக்கும் ஒரே சாட்சி கிடையாது. நிறுவப்பட்ட பாகங்களுக்கு மட்டும் விலை பேசுங்கள். கழற்றிப் பார்க்க விடாத வீட்டில் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். விட்டால், முதலில் கம்பிகளை முழுக்கத் தளர்த்துங்கள். முறுக்கோடு நெக் ஸ்க்ரூவைத் திருகினால் மரத்தில் ஓட்டை தேய்ந்துவிடும். அப்புறம் விற்பவர் கேட்கும் நஷ்டஈட்டுக்கு எந்த அளவையும் கைகொடுக்காது.