நாணல் படுத்தும் பாடு

கிளாரினெட்டின் ஊதுவாயில் சிறு பட்டையால் இறுக்கப்பட்டு, ஊதும் காற்றில் அதிர்ந்து ஒலியைப் பிறப்பிக்கும் மெல்லிய நாணல் சீவல் ‘ரீட்’ எனப்படும். சில லட்சம் ரூபாய் பெறும் கருமரக் கருவியின் மானம், இவ்வாறு ஒரு புல்லின் துண்டிடம் அடகு வைக்கப்பட்டுள்ளது. அருண்டோ டொனாக்ஸ் என்னும் இந்தப் பெருநாணல், தென் பிரான்சின் வார் பகுதியில் விளைந்தால்தான் சிறக்கும் என்பது கலைஞர் பலரின் நெடுநாள் நம்பிக்கையாகும். அதே தாவரம் கலிபோர்னியாவின் ஆற்றங்கரைகளில் களையெனப் பணம் செலவிட்டு வெட்டி அகற்றப்படுவதை இசைக்குழுவினரிடம் நினைவூட்டுவது நாகரிகமன்று.

பெட்டியின் மேல் 2½, 3 என்று அச்சிடப்படும் எண், சீவல் வளைய மறுக்கும் அளவைக் குறிப்பதாகும். ஆயினும் ஒரு நிறுவனத்தின் 3 மற்றொன்றின் 3-ஐ அறிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை என்பதோடு, ஒரே பெட்டியில் வரும் பத்தும், பாகப்பிரிவினைக்கு நிற்கும் உடன்பிறப்புகளைப் போல, ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதுமில்லை. அவற்றுள் தேறும் இரண்டொன்றைக் கண்ணாடிப் பலகையில் கிடத்தி, உப்புத்தாளால் தேய்த்து, ஈரப்பதம் காக்கும் பேழையில் வைத்து, முறை வைத்து ஊதி வளர்க்கும் கலைஞர், மிகச் சிறந்ததை முக்கியக் கச்சேரிக்கென ஒதுக்குவார். அந்த நாளில் அரங்கின் குளிர்சாதனம் அதைக் கோணலாக்கிவிடும்.

வானிலைக்கு எளிதில் அசையாத செயற்கைச் சீவல்கள் இப்போது கிடைக்கின்றன. எனினும், பிசிறிய சுரத்திற்குப் பழி சுமக்க மேடையில் வேறு எவரும் இல்லாமற்போவதால், பலர் அவற்றை ஏற்கத் தயங்குகின்றனர்.