இன்ஜின் பங்கு

திண்டிவனத்தில் புளியமரம் வைத்திருப்பவனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். ஊர்ப் பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு. போட் இன்ஜின் வைத்திருப்பவனைப் பார்த்தால் சிரிப்பார்கள். கடல் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். நான் இன்ஜின் வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் இப்போது மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் ஃபைபர் போட் வைத்திருக்கிறான். கடலுக்குப் போய் வந்து பங்கு பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு என்றால் வலைக்கும் பங்கு உண்டு, படகுக்கும் உண்டு, இன்ஜினுக்கும் உண்டு. "இன்ஜின நீ வாங்கிப் போடு. இன்ஜின் பங்கு உனக்கு. நீ கடலுக்கே வர வேணாம்டா" என்றான். கடைசி வாக்கியத்தில்தான் விழுந்தேன்.

எங்கள் கரையில் பெரும்பாலும் லாங் டெயில் டீசல் இன்ஜின்தான். நீளத் தண்டு, அதன் நுனியில் விசிறி, முடிந்தது கதை. நான் வாங்கியதோ கேரளாவில் ஓடித் தேய்ந்த அவுட்போர்டு. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். மேலே தலை, நடுவில் கால், தண்ணீருக்குள் பாதம். அந்தப் பாதம்தான் கியர் கேஸ். மேலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டின் சுழற்சியைப் பல்சக்கரங்கள் அங்கே படுக்கைவாட்டில் திருப்பி விசிறிக்குக் கொடுக்கின்றன. அதற்குள் கியர் ஆயில் இருக்க வேண்டும், கடல் இருக்கக் கூடாது.

இந்த வம்புக்கெல்லாம் மூலம் ஐஸ்கிரீம் என்று சொல்வார்கள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட், காதலிக்காக ஏரியில் துடுப்புப் போட்டுப் போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாராம், வருவதற்குள் உருகிவிட்டதாம். அந்தக் கடுப்பில் செய்த மோட்டார் 1909 வாக்கில் விற்பனைக்கு வந்தது. கேரளக் கரை மீனவரிடம் இன்ஜின் படகைக் கொண்டுவந்து சேர்த்ததிலும் நார்வேக்காரர்களுக்குப் பங்கு உண்டு. 1952இல் ஒப்பந்தம் போட்டுக் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் ஆரம்பித்தார்கள். எவின்ரூட்டின் காதலிக்கு அன்று ஒரு குச்சி மிட்டாய் போதும் என்று தோன்றியிருந்தால் என் சேமிப்பு வங்கியிலேயே இருந்திருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் போட்டுக்குத் தடை இல்லை. பெரிய படகெல்லாம் கரையில் நிற்க, சின்னப் படகு மீனுக்கு விலை ஏறும். இன்ஜின் பங்குக்காரன் ஆண்டு முழுக்கக் காத்திருப்பது இந்த 61 நாளுக்கு. பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

"ஆயில் வெள்ளையா வருதுடா."

போய்ப் பார்த்தேன். அடித் திருகைக் கழற்றியதும் முதலில் ஒரு மிடறு கடல் வந்தது. ராத்திரி நின்ற இன்ஜினில் தண்ணீர் அடியில் தங்கிவிடும். பின்னாலேயே ஆயில். தேன் மாதிரி இறங்க வேண்டியது, விக்கிரவாண்டிப் பக்கம் மோட்டலில் பஸ்ஸை நிறுத்தினால் கிடைக்குமே, அந்தக் காபி நிறத்தில் வந்தது.

கியர் கேஸைக் கழற்ற இரண்டு நாள். மரக்காணம் உப்பளத்து ஊர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதை அங்கே போல்ட்டுகள் மட்டும்தான் கடைப்பிடிக்கின்றன. அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டி, கெஞ்சி எடுத்தோம். சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றினேன். உருண்ட உடம்பு, அடியில் துடுப்பு, பின்னால் வால், போதாக்குறைக்கு வாடை. கண்டக்டர் சாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "சுறாவெல்லாம் ஏத்தக் கூடாது சார்" என்றார்.

திண்டிவனத்தில் "மோட்டார் ரிப்பேர்" என்று பலகை போட்ட எல்லாக் கடைக்கும் போனேன். எங்கள் மாவட்டத்தில் மோட்டார் என்றால் கிணற்றில் இருப்பது. "உள்ள தண்ணி வருதுங்க" என்றேன். "வந்தா நல்லதுதானே? எத்தனை அடியில வந்துச்சு?" என்று கேட்டார் ஒருவர்.

விழுப்புரம் போனால் ஆயில் சீல் கிடைக்கும் என்றார்கள். கடைக்காரர் என்ன வண்டி என்று கேட்டார். போட் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. "2024ல ஃபெஞ்சல் புயலப்போ எங்க பக்கமே போட்டு வந்துச்சு சார்" என்றபடி பழைய சீலின் முதுகைத் துடைத்தார். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் அதில் பொறித்திருந்தன. டிராக்டர் டப்பாவிலிருந்து அதே எண்களோடு இரண்டு சீல் எடுத்துக் கொடுத்தார். ஒன்று உள்ளே பார்க்க வேண்டும், ஆயிலைத் தடுக்க; மற்றது வெளியே பார்க்க வேண்டும், கடலைத் தடுக்க. ஒரே வீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்வதை நான் வீட்டில் பலமுறை பயின்றவன் என்பதால் சரியாகவே மாட்டினேன்.

கடலில் இறங்கிய நான்காம் நாள் மறுபடி மோட்டல் காபி.

பழையபடி கழற்றல், சாக்கு, பஸ். இந்த முறை கண்டக்டர், "சுறா திரும்பி வந்துடுச்சா?" என்றார். பஸ் நிலையத்திலிருந்து தூக்கமாட்டாமல் தூக்கி வந்து பங்சர் கடை வாசலில் இறக்கினேன், கை வலிக்கிறதே என்றுதான். கடைக்காரருக்குப் பையன் வயசு. சாக்கை விலக்கிப் பார்த்தான்.

"ஒழுவுதா சார்? தொட்டியில போடலாமே."

இன்ஜின் தயாரிப்பவர்களின் கையேட்டிலும் அதுதான் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆயிலை வடித்துவிட்டு, காற்று ஏற்றி, தண்ணீரில் அமுக்கி, முட்டை வருகிறதா என்று பார்ப்பது. அவன் எதையும் படிக்கவில்லை. பக்கத்து லேத் பட்டறையில் ஒரு போல்ட்டில் துளை போட்டு, சைக்கிள் டியூப் வால்வை அதில் பற்றவைத்து, மேல் ஓட்டையில் திருகினான். "எத்தனை பாயிண்ட்?" என்றான். டயருக்கு முப்பது போடுகிறார்களே என்று முப்பது என்றேன். "சீல் பிச்சுக்கும் சார்" என்று பத்தில் நிறுத்தினான்.

அசையாமல் கிடக்கும்போது ஒன்றுமில்லை. விசிறித் தண்டைக் கையால் சுற்றினான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு முட்டை வந்தது. தண்டை வெளியே எடுத்து நகத்தால் வருடினான். நகம் மாட்டியது. விசிறிக்குப் பின்னால் எங்கள் வலையின் நைலான் நரம்பே சுற்றிக்கொண்டு, பழைய சீலை அறுத்துத் தண்டிலும் பள்ளம் போட்டிருந்தது. புது சீலின் உதடு அந்தப் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருந்தது. சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, தேயாத இடத்தில் உட்காரவைத்தான். மறுபடி தொட்டி. இப்போது அடித் திருகில் பொடிப் பொடியாக வந்தன. நசுங்கிய பழைய வாஷரையே திரும்பப் போட்டது யார் என்று அவன் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்ற வேண்டும், மேல் ஓட்டையில் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். வழிந்ததும் முதலில் மேல் திருகு, அப்புறம் கீழ்த் திருகு. வரிசை மாறினால் அத்தனையும் காலில் கொட்டும். என் செருப்பு இன்னும் வழுக்குகிறது.

எவ்வளவு என்று கேட்டேன். விசிறியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு யோசித்தான்.

"ரெண்டு எடத்துல வந்துச்சு. ரெண்டு பங்சர் குடுங்க சார். டூ வீலர் ரேட்டே போட்டுக்கறேன்."

ஜூன் 10ஆம் தேதி போட் கடலில் இறங்கியது. என் 61 நாளில் மிச்சம் நாலு.