பின் சீட்டுக்காரன் பார்த்த ஸ்ரீரங்கப்பட்டணம்

பைக் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வண்டியை ஓட்டுகிறவர்கள். காற்று முகத்தில் மோதியது, மனசு லேசானது என்று எழுதுவார்கள். பின்னால் உட்கார்ந்து போகிறவன்மேல் காற்று மோதாது. முன்னால் இருப்பவனின் ஹெல்மெட்தான் மோதும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு தடவை. இயற்கைக் காட்சி என்று அவனுக்கு வாய்ப்பது ஒரு ஜாக்கெட்டின் முதுகு. அந்தத் தரப்பிலிருந்தும் யாராவது எழுதத்தானே வேண்டும்?

பெங்களூரில் வேலை பார்க்கும் நாலு தமிழர்கள், மூன்று வண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வண்டி இல்லாததால் கேப்டனின் புல்லட்டில் ஏற்றப்பட்டேன். கேப்டன் என்பது அவனாகவே வைத்துக்கொண்ட பட்டம். மற்ற இருவரில் ஒருவன் காஞ்சிபுரம், இன்னொருவன் தஞ்சாவூர்ப் பக்கம். இந்தப் பயணத்துக்காகக் கேப்டன் முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், ஹெல்மெட்டில் மாட்டும் கேமரா, நூற்றிருபதில் போனாலும் விரல் விறைக்காத கையுறை என்று சகலமும் வாங்கியிருந்தான். காசு கேட்காத ஒரு தகவலை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. பெங்களூர் - மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி கிடையாது.

“அஞ்சு மணி ஷார்ப்” என்று முதல் நாள் இரவு உத்தரவு வந்திருந்தது. கெங்கேரியைத் தாண்டும்போது ஏழரை. அதற்கப்புறம் அந்தப் பலகை. கேப்டன் வண்டியை ஓரம்கட்டி நிதானமாகப் படித்தான். பைக், ஆட்டோ, டிராக்டர். தடையைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான், டிராக்டரோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்களே என்பதுதான் அவனை வாட்டியது.

“சர்வீஸ் ரோடுதான் மச்சி ரியல் ரைடிங்” என்று கடைசியில் அறிவித்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் கார்கள் ஒன்றரை மணி நேரத்தில் மைசூர் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் எங்களுக்கு எதிராகவே பால் கேன் கட்டிய மொபெட்டுகள் வந்தன, ஆடுகள் வந்தன, ஒரு கல்யாண ஊர்வலமும் வந்தது. நூற்றிருபதுக்கு வாங்கிய கையுறை இருபத்தைந்தில் வேர்த்தது. அன்றைக்குக் கேமராவில் பதிவானது முக்கால்வாசி ஒரு கரும்பு டிராக்டரின் பின்பக்கம்.

ஆனால் வயிறு என்ற ஒன்று இருக்கிறவனுக்கு அந்தத் தடை வரம். எக்ஸ்பிரஸ்வே எல்லா ஊரையும் சுற்றிக்கொண்டு ஓடிவிடுகிறது. நாங்கள் எல்லா ஊருக்குள்ளும் நுழைந்தோம். பிடதியில் தட்டே இட்லி, உள்ளங்கை அகலத்தைத் தாண்டியது, மேலே வெண்ணெய். ராமநகரத்தில் ‘ஷோலே’ எடுத்த பாறைகள். 1975-இல் வந்த படத்துக்குக் கேப்டன் இன்றைக்கும் வில்லன் கப்பர் சிங் மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறான். அந்த மலைப்பக்கம் இப்போது பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம் என்று சொன்னதும் சட்டென்று இறங்கிவந்துவிட்டான். சென்னபட்டணத்தில் காஞ்சிக்காரன் மகளுக்காக அரக்குச் சாயம் பூசிய மர பைக் ஒன்று வாங்கினான். அதில் பின் சீட்டே இல்லை. பொம்மை செய்கிறவர்கள் விவரமானவர்கள்.

மத்தூர் வடைக்குத் தனிப் பத்தி தர வேண்டும். ரவை, மைதா, அரிசி மாவு, நிறைய வெங்காயம். ஓட்டை கிடையாது, உப்பலும் கிடையாது. தட்டையாக, மொறுமொறுவென்று, நம்மூர் தட்டைக்கும் வடைக்கும் நடுவில் ஒரு பிறவி. மத்தூர் ரயில் நிலையத்தில் 1917-இல் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த ராமச்சந்திர புத்யா ஏதோ பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருக்க, ரயில் முன்னதாகவே வந்து நின்றுவிட்டதாம். மனுஷன் அவசரத்தில் தட்டிப் போட்டு எடுத்துக் கொடுத்தது இந்த வடை என்று கதை. வடை பிறந்ததை நம்ப எனக்குச் சிரமமில்லை. நம் ரயில் முன்னதாக வந்தது என்கிற இடத்தில்தான் இடறுகிறது. ஆளுக்கு இரண்டு என்று ஆரம்பித்தோம்; முடிந்த கணக்கு வீட்டாருக்குத் தெரிய வேண்டாம்.

மண்டியா நெருங்கும்போது கேப்டன் தஞ்சாவூரானை மட்டும் தனியே அழைத்து, “இந்த ஊர் தாண்டற வரைக்கும் நீ தண்ணி கேக்கிறதா இருந்தாக்கூட ஜாடையில கேளு” என்றான். காவிரி விஷயத்தில் சூடான ஊர் அது. கரும்புச்சாறு கடையில் எங்கள் வண்டி எண்ணையும் பேச்சையும் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், அரைத் தமிழில் கேட்டார்: “மேட்டூர் எஷ்டு அடி இருக்கு?”

தஞ்சாவூரானுக்குத் தடையெல்லாம் மறந்துபோயிற்று. “கே.ஆர்.எஸ். எவ்வளவுங்க ஐயா?” என்று திருப்பினான். மேட்டூர் அணைக்கு முழு நீர்மட்டம் 120 அடி, கே.ஆர்.எஸ். என்கிற கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு 124.8 அடி என்பது இரண்டு பேருக்குமே மனப்பாடம். உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னதுவரை பேச்சு ஓடியது. சண்டை வரும் என்று கேப்டன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பெரியவர் நாலு பேருக்குமான சாற்றுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குள் நுழையும்போது மதியம் ஒரு மணி. 1799 மே 4 அன்று பிரிட்டிஷ் படை திப்பு சுல்தானின் கோட்டைமேல் பாய்ந்ததும் அதே ஒரு மணிக்குத்தான். உச்சி வெயிலில் காவலுக்கு நிற்கிறவன் அசந்திருப்பான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நாங்கள் கணக்கெல்லாம் போடவில்லை, வடையால் தாமதம். நடை சாத்துவதற்குள் என்று ரங்கநாதர் கோயிலுக்கு ஓடினோம். கங்கர் காலத்தில் எழுந்த கோயில். காவிரித் தீவுகளில் ரங்கநாதர் பள்ளிகொண்ட மூன்று அரங்கங்களில் இது ஆதிரங்கம், நம் ஸ்ரீரங்கம் கடைசி. சேவித்தபோது எனக்கு வந்தது பக்தியா பொறாமையா என்று இன்றுவரை தெளிவாகவில்லை. காலையிலிருந்து பின் சீட்டில் இடுப்பு ஒடிந்து நிற்கிறவன் முன்னால் ஒருவர் காலை நீட்டி நிம்மதியாகப் படுத்திருந்தால் வேறென்ன வரும்?

அடுத்து தரியா தௌலத் பாக். 1784-இல் திப்பு கட்டிய கோடைக்கால மாளிகை, பெரும்பாலும் தேக்கு. வெளிச்சுவர் நிறைய ஒரே யுத்தம்: வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, நடுவில் சிக்கிய செஞ்சட்டைச் சிப்பாய்கள், பல்லக்கில் காயத்தோடு அவர்களுடைய தளபதி கர்னல் பெய்லி. 1780-இல் ஹைதர் அலியும் மகன் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கிய பொள்ளிலூர் சண்டை. அதுவரை செல்போனில் கிடந்த காஞ்சிக்காரன் தலையைத் தூக்கினான்.

“பொள்ளிலூரா? டேய், அது எங்க புள்ளலூருடா!”

அதோடு அவனைப் பிடிக்க முடியவில்லை. காஞ்சிபுரத்துப் பக்கத்துக் கிராமம் இங்கே சுவரேறியிருக்கிறது என்றதும், மாளிகையே பூர்வீகச் சொத்துபோல் நடக்க ஆரம்பித்தான். மகேந்திரவர்ம பல்லவன் காலத்திலேயே அங்கே சண்டை நடந்திருக்கிறது என்று கூட்டத்துக்கு வகுப்பெடுத்தான். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் வழிகாட்டி என்று நினைத்து அவனிடம் கழிப்பறை எங்கே என்று விசாரித்தது.

அந்தச் சண்டையில் பிடிபட்டவர்களில் டேவிட் பேர்ட் என்று ஒருவர். இந்த ஊரிலேயே மூன்றரை வருஷத்துக்கு மேல் சிறை. கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள் என்ற செய்தி ஸ்காட்லாந்தில் அவருடைய அம்மாவுக்குப் போனபோது, என் பிள்ளையோடு கட்டப்பட்டவனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது என்றாராம். நான் இதைச் சொல்லி முடித்ததும் மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு கேப்டனைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதே பேர்ட்தான் 1799-இல் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். ஜெயித்த பிறகு ஊரின் நிர்வாகம் அவருக்குக் கிடைக்கவில்லை. கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லஸ்லியிடம் போயிற்று. பேர்டுக்கு அந்த மனக்குறை போகவே இல்லை. எங்கள் குழுவிலும் அதே அநீதி நடந்தது. ஹைதரும் திப்புவும் அடங்கியிருக்கும் கும்பஸ் வாசலில் எடுத்த படத்தில் நடுநாயகமாக நின்றது காஞ்சிக்காரன்.  கேப்டன் ஓரத்தில், பாதி கையுறையோடு.

ஸ்ரீரங்கப்பட்டணத் தீவின் கிழக்கு முனையில் காவிரியின் இரண்டு கிளைகளும் சேருகிற சங்கமத்தில் தஞ்சாவூரான் படியில் உட்கார்ந்து தண்ணீரையே அளந்துகொண்டிருந்தான். “இது நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்?” என்று கேட்டான். “நாம சர்வீஸ் ரோட்டுல வந்த வேகத்துல வந்தா, அறுப்புக்கு வரும்” என்றான் காஞ்சிக்காரன்.

திரும்பும் வழி முழுக்கக் கேப்டன், திப்புவின் ராக்கெட்டுகள் எப்படிப் பாய்ந்தன என்று கழுத்தைத் திருப்பித் திருப்பி எனக்கு விளக்கிக்கொண்டே ஓட்டினான். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டிக்கொண்டே வந்தது. கெங்கேரியில் வண்டிகள் நகரவே இல்லை.

“மச்சி, அடுத்து ஹம்பி. முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர். நீதான் என் பின்னாடி.”

மேலே பார்த்தேன். மெட்ரோ நிலையம். சிக்னல் பச்சையாவதற்குள் இறங்கி, ஹெல்மெட்டை அவன் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் படியேறிவிட்டேன்.