ஊருக்குப் போயி கடுதாசி போடுதோம்

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வையி. நாலு நாளா அது மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடக்க. மெட்ராசுக்கு இன்டர்வியூ போன, அவுகளும் 'வி வில் லெட் யூ நோ'ன்னு அனுப்பி வச்சிட்டாக. நீ அந்த 'வில்'லை எதிர்காலம்னு நம்பிட்ட. உங்க அத்தையைப் பொண்ணு பாக்க வந்தவனும் சொஜ்ஜி, பஜ்ஜியெல்லாம் வழிச்சுத் தின்னுட்டு, 'ஊருக்குப் போயி கடுதாசி போடுதோம்'னுட்டுத்தான் போனான். உங்க ஆச்சி மூணு மாசம் தபால்காரன் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கிட்டுக் கெடந்தா. அதுவும் எதிர்காலந்தாம்லே.

உன் நோட்டைப் புரட்டிப் பாத்தேன். ஸ்போக்கன் இங்கிலீசு வகுப்புல கட்டம் போட்டுக் குடுத்திருக்கான். கேன்னா முடியும், மஸ்ட்னா கட்டாயம், மேன்னா அனுமதி. ஒம்பது வார்த்தையையும் நவதானியம் மாதிரி தனித்தனிக் கிண்ணத்துல வச்சிருக்கு. அழகாத்தான் இருக்கு, கொலுவுக்கு. நான் நாப்பது வருசம் கோர்ட்டு வாசல்ல வேப்பமரத்தடியில டைப் மிசினை வச்சு மனு அடிச்சவன். எனக்கு இங்கிலீசு இலக்கணமா வரல, வாய்தாவா வந்துச்சு.

பந்தியில ஒருத்தரு 'கொஞ்சம் ரசம் கெடைக்குமா'ன்னு கேக்காரு. 'கெடைக்குமே'ன்னு சொல்லிட்டு வாளியோட தாண்டிப் போவியா? 'கேன் யூ பாஸ் த சால்ட்'டும் அதுதான். உப்பைத் தூக்க ஒனக்குத் தெம்பு இருக்கான்னு எவனும் சோதிக்கல. 'குட் யூ'ன்னு கேட்டா இன்னும் கொஞ்சம் மரியாதை. 'அது இறந்தகாலம்லா தாத்தா'ங்க. மொதலாளி முன்னால நின்னுக்கிட்டு நாம என்ன சொல்லுதோம்? 'ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்'. கேக்கது இப்போ, நிக்கது இப்போ, சொல்லுதது மட்டும் வந்தேன். ரெண்டு எட்டு பின்னால தள்ளி நின்னு கேட்டா அது பணிவு. நாம துண்டைக் கக்கத்துல இடுக்குதோம், அவன் வினையை இறந்தகாலத்துல இடுக்குதான்.

'ஐ நோ ஸ்விம்மிங்'னு சொன்னேன்னு வகுப்புல சிரிச்சாகளாமே. அந்தக் 'கேன்' இருக்கே, பழைய இங்கிலீசுல அதுக்குத் 'தெரியும்'னுதான் அர்த்தம். நீச்சல் தெரியும்னு நாம சொல்லுத அதே தெரியும். நீ ஆயிரம் வருசம் பிந்திப் பொறந்திட்ட, அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணுல நீ பண்ணுனது வம்பு. காச்சல்ல கெடந்தப்ப பழைய ஆபீசு மேனேசர் பாக்க வாரேன்னாரு. 'நீங்க வரவேண்டாம் சார்'னு சொல்ல நெனைச்சு 'யூ மஸ்ட் நாட் கம்'னு அனுப்பிட்ட. நம்ம 'வேண்டாம்' தங்கமான வார்த்தை. சிரமப்படாதீகங்கதும் அதுலயே வரும், வாசப்படி மிதிக்காதேங்கதும் அதுலயே வரும். மொகத்தைப் பாத்துப் பிரிச்சுக்கிடுவோம். இங்கிலீசுல அதுக்கு ரெண்டு கதவு. 'டோன்ட் ஹேவ் டு'ன்னு தொறக்க வேண்டியவன் 'மஸ்ட் நாட்'டுன்னு தொறந்திட்ட. மனுசன் வாங்கின ஆரஞ்சுப் பழத்தோட திரும்பிப் போயிருப்பாரு.

'வந்திருக்கணும்'னு ஒண்ணு இருக்கு பாத்தியா? வாசல்ல செருப்பு கெடந்தா 'மாமா வந்திருக்கணும்'. பந்தக்கால் நட்டு முடிச்சும் ஆளைக் காணும்னா அப்பவும் 'மாமா வந்திருக்கணும்'. முன்னது ஊகம், அவன் 'மஸ்ட் ஹேவ்'ங்கான். பின்னது வயித்தெரிச்சல், 'ஷுட் ஹேவ்'ங்கான்.

அந்த மேனேசரு இன்னொண்ணும் எழுதினாருன்னியே, 'யூ மைட் வான்ட் டு செக் திஸ் அகெய்ன்'னு. நீ எனக்கு விருப்பமில்லன்னு மூடி வச்சிட்ட. 'நாளைக்கு வேணும்னா வெள்ளனமே எந்திரிச்சுக்கோம்மா'ன்னு மாமியா சொன்னா, அந்த 'வேணும்னா'வை நம்பித் தூங்குன மருமக இந்தக் கரிசல்ல உண்டாலே?

சிரிக்காதே. இந்த 'மே' இருக்கே, ஆடு கத்துதாப்புல, இதுக்காக நம்ம சீமையே பத்தி எரிஞ்சிருக்கு. அரசியல் சட்டம் இந்தியை ஆட்சிமொழியா வச்சுட்டு, இங்கிலீசுக்குப் பதினஞ்சு வருசம் தவணை குடுத்திருந்துச்சு. 1965 ஜனவரி 26-ஓட தவணை முடியுது. அதுக்குப் பெறவும் இங்கிலீசு இருக்கட்டும்னு 1963-ல ஆட்சிமொழிச் சட்டம் கொண்டாந்தாக. ஆனா தொடர்ந்து இருக்க 'மே'ன்னு எழுதிட்டாக. இருக்கலாம். நம்ம 'பாக்கலாம்' மாதிரி. தாலுகாபீசுல 'பாக்கலாம்'னு கேட்டுத் திரும்பினவனுக்குத் தெரியும் அந்த 'லாம்'மோட லட்சணம். ராஜ்யசபாவுல இருந்த அண்ணா, 'மே'யை எடுத்துட்டு 'ஷல்' போடுங்கன்னாரு. இங்க 'மே'ன்னாலும் 'ஷல்'தான் அர்த்தம்னாரு நேரு. 'மே'ன்னா 'மே நாட்'டும் அதுக்குள்ள இருக்கேன்னு அண்ணா பக்கத்து ஆளுக சொன்னாக. மறுவருசம் நேரு காலமாயிட்டாரு. சொன்ன மனுசன் போயாச்சு, எழுதின 'மே' மட்டும் நிக்குது. 1965-ல பள்ளிக்கூடம், காலேசெல்லாம் தெருவுக்கு வந்துச்சு, துப்பாக்கிச் சூடு, எத்தனையோ உசுரு போச்சு. நான் அப்ப பதினோராப்பு. தொண்டை கிழியக் கத்தினேன். 'ஷல்'லுக்கு ரெண்டு எல்லான்னு எனக்கு அப்பச் சரியாத் தெரியாது, அது வேற விசயம்.

1967-ல திருத்தினாக. அந்த 'மே' அங்கனயேதான் இருக்கு, எடுக்கல. பக்கத்துல 'ஷல்'லைக் காவலுக்கு நிப்பாட்டிட்டாக. இந்தியை ஆட்சிமொழியா ஏத்துக்கிடாத மாநிலத்தோட மத்திய சர்க்கார் இங்கிலீசுலதான் எழுதிக்கிடணும். அந்த மாநிலச் சட்டசபை அத்தனையும் வேண்டாம்னு தீர்மானம் போட்டு, பார்லிமென்ட்டு ரெண்டு சபையும் போட்டாத்தான் இந்த ஏற்பாடு போகும்.

பெறவு நான் மனு அடிக்கப் போன எடத்துல பாத்தா, ஜட்ஜுமாருக சில சட்டத்துல வார 'மே'யை 'ஷல்'லுன்னுதான் படிக்காக. நேரு ஒண்ணும் பொய் சொல்லல. என்ன, அப்படிப் படிக்கிற ஜட்ஜு வந்து சேரதுக்குள்ள கட்சிக்காரன் கெணத்தடி நிலத்தை வித்திருப்பான். அதனாலதான் நான் அடிச்ச குத்தகைப் பத்திரம் ஒண்ணுலகூட 'மே' மேயாது.

போன் அடிக்குது பாரு. எடு, எடு. என்னது, பொம்பளப் புள்ள குரலா? 'மே ஐ ஸ்பீக் டு'ங்காளா? கேட்டுட்டு நீ சரிங்கதுக்கு முந்தியே பேசிக்கிட்டே போறாளா? லோன் குடுக்கத்தாம்லே. வச்சிட்டு வா, மெளகாச் செடி தலை தொங்கிக் கெடக்கு, ரெண்டு பாத்திக்குத் தண்ணி பாய்ச்ச முடியுமா? 'முடியும் தாத்தா'ன்னு சொல்லிட்டு மறுபடியும் உக்காந்திராதே.