விளக்கம் கோரும் குறிப்பாணை

அனுப்புநர்: உலக நாடுகள் (கூட்டாக, பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை)
பெறுநர்: இந்தியப் பெருங்கடல், சோமாலியா முதல் சுமத்ரா வரை

பொருள்: முன் அனுமதியின்றி எழும்புதல், எல்லை தாண்டுதல் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: இன்றுவரை கரை ஒதுங்கிய உடல்கள்.

தங்கள் நடத்தை குறித்துப் புகார்கள் ஓய்ந்தபாடில்லை. தங்களைக் கண்காணிப்பதில் நாங்கள் குறை வைக்கவில்லை என்பதை முதற்கண் பதிவு செய்கிறோம். உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் அலைகின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரக் குழாய். 1,000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் பேசாமல் கிடக்கும். பிறகு 2,000 மீட்டருக்கு இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடியே மேலே வந்து, செயற்கைக்கோளிடம் ஒப்பித்துவிட்டு மறுபடி மூழ்கும். அந்தத் தரவை ஒரே நாளில் எவரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நாடுகள் கூடிச் செய்த உருப்படியான காரியங்களில் இது ஒன்று. ஆகவே இதற்கும் ஒரு கொக்கி போட்டோம். மிதவை ஒரு நாட்டின் கடல் எல்லைக்குள் நுழையக்கூடுமானால் அந்நாட்டுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 1999-இல் தீர்மானம். மிதவைக்கு எஞ்சின் கிடையாது. தங்கள் நீரோட்டம் இழுத்த பக்கம் போகிறது. எனவே எல்லை தாண்டிய குற்றம் தங்களையே சாரும்.

அடுத்து, 26.12.2004. காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே தங்கள் அடிவயிறு புரண்டது. ஹவாயிலுள்ள சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் அறிக்கை விட்டது: பசிபிக்குக்கு ஆபத்து இல்லை. பொய் சொல்லவில்லை, பாருங்கள். 1960-இல் சிலியில் கிளம்பிய அலை ஹவாயிலும் ஜப்பானிலும் போய் ஆளைக் கொன்றது. 1965-இல் பசிபிக்குக்குப் பன்னாட்டு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. தாங்கள் காட்டிய பிணங்கள் அதுவரை எங்கள் கணக்கில் ஏறியிருக்கவில்லை. தகுதி இல்லாதவர்களுக்கு நிதி ஒதுக்குவது மரபல்ல.

ஆனால் தங்களுக்குக் காதே வைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. தியாகோ கார்சியா தீவுப் பக்கம் நீருக்கடியில் ஒலிவாங்கிகள் இருந்தன. அன்றைய நடுக்கத்தின் ஓசை அவற்றில் பதிவானது. எவனாவது திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறானா என்று ஒட்டுக்கேட்க வைத்த காது அது. தாங்கள் அணுகுண்டு இல்லை. அணுவெடிப்பைக் கண்காணிக்கும் அந்த வலையமைப்பின் தரவைச் சுனாமி மையங்களுக்குக் கொடுக்கலாம் என்ற ஒப்புதல் 2006-இல் வந்தது. கேட்ட காதுக்கு வாய் முளைக்க இரண்டு வருடம்.

இந்திய அரசும் அன்று சும்மா இருக்கவில்லை. நடுக்கத்தைப் பற்றித் தொலைநகல் அனுப்பியது. அது பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

அலை நாகப்பட்டினம் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! ஞாயிற்றுக்கிழமை. அக்கரைப்பேட்டையில் ஒருவன் சைக்கிளில் ஏறி "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்திக்கொண்டே போயிருந்தால் எத்தனை பிள்ளைகள் இன்று கல்யாண வயதில் இருந்திருப்பார்கள்? அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். இவ்வரிகள் குறிப்பாணையின் நடைக்கு ஒவ்வாதவை. தட்டச்சரின் பிழையாகக் கருதவும்.

அந்தப் பிணங்களைக் காட்டி 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி மையம் திறந்தோம். நன்றாகவே வேலை செய்கிறது. இந்தோனேசியாவுக்கும் சுனாமியை உணரும் மிதவைகள் வந்தன. 2018 செப்டம்பரில் பாலு நகரை அலை அள்ளிக்கொண்டு போன பிறகு அந்நாட்டுப் பேரிடர் முகமையே சொன்னது: 2012 முதல் ஒரு மிதவையும் இயங்கவில்லை. அந்தக் குறுகிய குடாவில் மிதவை இருந்திருந்தாலும் நேரம் போதாது என்பார்கள் வல்லுநர்கள். சரி. ஆறு வருடம் அது செத்துக் கிடந்ததற்கும் நேரம் போதாததுதான் காரணமா?

பணக்கார வீட்டிலும் இதே கதைதான். 1982-83 எல் நினோ சொல்லாமல் வந்து அடித்ததால் பசிபிக்கின் நடுக்கோட்டில் சுமார் 70 மிதவைகளை நங்கூரமிட்டார்கள். 2012-இல் அவற்றைப் பராமரித்த கப்பலுக்கு அமெரிக்கா ஓய்வு கொடுத்தது. 2014 வாக்கில் அமெரிக்கா பொறுப்பிலிருந்த மிதவைகளிலிருந்து வந்த தரவு, வர வேண்டியதில் ஏறக்குறைய 40 சதவீதம்.

இனி 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். குமரி மாவட்ட மீனவர்கள், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்கு, எச்சரிக்கை வருமுன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். படகிலுள்ள வயர்லெஸ் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் எட்டாது. சாட்டிலைட் போன் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் வழக்கு. அந்த மீனவர் கிடந்த இடத்தின் காற்றும் அலையும் உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு கணினித் திரையில் தெரிந்தது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. நீவாடு (கடல் நீரோட்டம்) மாறுவதை எல்லாருக்கும் முன்னால் அறிகிறவர் அவர். அதைக் குறிக்க எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

மேற்கண்ட குற்றச்சாட்டுகளுக்குத் தங்கள் விளக்கத்தை இக்குறிப்பாணை கிடைத்த 15 தினங்களுக்குள் எழுத்துமூலம் அளிக்க வேண்டும். அலைமூலம் அளிக்கப்படும் விளக்கம் ஏற்கப்படமாட்டாது.

நகல்:
தகவல் பகிர்வு மாநாட்டுக் குழுவினருக்கு (விமானப் பயணச்சீட்டுடன்).
குமரி மாவட்டம் வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்களுக்கு: தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதால் அனுப்பப்படவில்லை. கோப்பில் வைக்கப்பட்டது.